கேப்பிட்டலில் இருந்து வெள்ளை மாளிகை வரை

வாஷிங்டன் செல்கிறவர்களில் பெரும்பாலோர் முதலில் தேடிப் போவது வெள்ளை மாளிகையைத்தான். இரும்பு வேலிக்கு வெளியே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டால், அமெரிக்க அரசையே பார்த்துவிட்ட நிறைவு கிடைக்கிறது. அந்த நகரத்தை வரைந்தவர் வேறு விதமாக நினைத்தார். 1791-இல் தலைநகருக்கு வரைபடம் போட்ட பிரெஞ்சுப் பொறியாளர் பியேர் லான்ஃபான், ஜென்கின்ஸ் குன்று என்று அப்போது அழைக்கப்பட்ட மேட்டைக் காங்கிரஸுக்கு ஒதுக்கினார். அதிபரின் வீட்டை அங்கிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி வைத்தார். ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியும்படி இரண்டுக்கும் நடுவே நேராக ஒரு சாலையை இழுத்தார். அதுதான் பென்சில்வேனியா அவென்யூ.

அந்தச் சாலையைக் குன்றின் பக்கத்திலிருந்து தொடங்கி நடப்பதே முறை. அரசியல் சாசனமும் அந்த வரிசையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. முதல் பிரிவு காங்கிரஸ்; இரண்டாவது அதிபர்; மூன்றாவது நீதிமன்றம். சட்டம் இயற்றுவது, வரி விதிப்பது, கடன் வாங்குவது, வெளிநாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்துவது, போர் அறிவிப்பது என எல்லாம் முதல் பிரிவில் காங்கிரஸுக்குக் கொடுக்கப்பட்டவை. அதிபர் படைகளின் தலைமைத் தளபதி. சட்டங்கள் ஒழுங்காக நிறைவேறுகின்றனவா என்று பார்க்க வேண்டியவர். பிடிக்காத மசோதாவைத் திருப்பி அனுப்பலாம். நாடாளுமன்ற முறைக்குப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் புதிதாக இருக்கும். இங்கே அதிபர் காங்கிரஸின் இரு அவைகளான பிரதிநிதிகள் சபை, செனட் எதிலும் உறுப்பினர் அல்லர். அவருக்கு அவையில் இருக்கை இல்லை, வாக்கும் இல்லை.

குன்றின் மேல் நிற்கும் காங்கிரஸ் கட்டடமான கேப்பிட்டலுக்குள் நுழையும் வழி கிழக்குப் பக்கம் தரைக்கு அடியில் இருக்கிறது. 2008 டிசம்பரில் திறக்கப்பட்ட பார்வையாளர் மையம் அது, கட்டணம் கிடையாது. உள்ளே விரியும் பெரிய கூடத்துக்கு விடுதலைக் கூடம் என்று பெயர். கேப்பிட்டலைக் கட்ட உழைத்த அடிமைகளின் நினைவாக வைத்த பெயர். மாநிலங்கள் அனுப்பிய சிலைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அவற்றில் மொன்டானா அனுப்பிய வெண்கலப் பெண் சிலை ஒன்றின் முன் சற்று நின்று போக வேண்டும். காங்கிரஸுக்குத் தேர்வான முதல் பெண் ஜெனெட் ரேங்கின் அவர்.

பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட மறுநாள், 1941 டிசம்பர் 8 அன்று, அதிபர் ரூஸ்வெல்ட் இந்தக் கட்டடத்துக்கு வந்து ஜப்பான் மீது போர் அறிவிக்கும்படி காங்கிரஸைக் கேட்டார். நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரத்திலும் அவர் வந்து கேட்க வேண்டியிருந்தது. பிரதிநிதிகள் சபையில் 388 பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். எதிர்த்து விழுந்த ஒரே வாக்கு ரேங்கினுடையது. 1917-இல் முதல் உலகப் போருக்கும் எதிராக வாக்களித்தவர் அவர். வாக்கெடுப்பு முடிந்ததும் கூட்டம் அவரைச் சூழ்ந்துகொள்ள, ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் அடைக்கலம் புகுந்தார். போலீஸார் வந்துதான் பத்திரமாக அழைத்துப் போனார்கள். அவர் வாக்கு சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம். உறுப்பினர்கள் தத்தம் பெயரில் ஆம் என்றோ இல்லை என்றோ பதிவு செய்த பிறகே நாடு போருக்குப் போனது என்பதில் வாதமில்லை.

அமெரிக்கா முறைப்படி கடைசியாகப் போர் அறிவித்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. அதன்பின் கொரியா, வியட்நாம், ஈராக், ஆப்கானிஸ்தான் என்று எத்தனையோ போர்கள். ஒன்றில்கூடப் போர் அறிவிப்பு இல்லை. 1950-இல் கொரியாவுக்குப் படை அனுப்பிய அதிபர் ட்ரூமன் காங்கிரஸின் ஒப்புதலைக் கேட்கவே இல்லை. 1964-இல் டோன்கின் வளைகுடாத் தீர்மானம் வழியாக அதிபர் ஜான்சனுக்கு வியட்நாமில் வேண்டியதைச் செய்யும் அதிகாரத்தைக் காங்கிரஸே தூக்கிக் கொடுத்தது. பிரதிநிதிகள் சபையில் எதிர்ப்பு வாக்கு ஒன்றுமில்லை, செனட்டில் இரண்டு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நிறைவேறிய படைப் பயன்பாட்டுத் தீர்மானத்துக்கு இரு அவைகளையும் சேர்த்து ஒரே ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தார்: கலிஃபோர்னியாவின் பார்பரா லீ. அந்தச் சிறிய தீர்மானத்தைக் காட்டி, இரு கட்சி அதிபர்களும் அதில் பெயரே இல்லாத நாடுகளில் படை நடத்தியிருக்கிறார்கள்.

சிவப்பு உடை அணிந்த வழிகாட்டி, காதில் மாட்டிய கருவியில் பேசியபடி கூட்டத்தை மேலே அழைத்துப் போகிறார். 1863-இல் உச்சிச் சிலை ஏறிய இரும்புக் குவிமாடத்தின் கீழே, 180 அடி உயர வட்ட மண்டபம். அதற்குத் தெற்கே அரைவட்ட வடிவில் ஒரு கூடம்; கறுப்பும் வெள்ளையுமாகச் சலவைக்கல் தரை. இப்போது சிலைக் கூடம். 1857 வரை இதுதான் பிரதிநிதிகள் சபை. ஒரு மூலையில் மெல்லப் பேசினால் எதிர்ப்பக்கம் துல்லியமாகக் கேட்கும் வித்தையை வழிகாட்டி செய்துகாட்டுகிறார், குழந்தைகள் மகிழ்கிறார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து விலகித் தரையைப் பார்க்கிறவருக்கு வேறொன்று கிடைக்கும். பிற்பாடோ முன்போ அதிபராக இருந்த உறுப்பினர்களின் மேசைகள் இருந்த இடங்களில் சிறு வெண்கலத் தகடுகள் பதித்திருக்கிறார்கள்.

ஒரு தகட்டில் ஜான் குவின்சி ஆடம்ஸ் பெயர். 1825 முதல் 1829 வரை அதிபர். பதவி போன பிறகு வீட்டில் ஓய்ந்து உட்காராமல், 1831-இல் சாதாரண உறுப்பினராக இந்த அவைக்கு வந்தார். அமெரிக்க அதிபர்களில் அப்படிப் பிரதிநிதிகள் சபைக்கு வந்தவர் அவர் ஒருவரே. அடிமை முறையை எதிர்த்து மக்கள் அனுப்பிய மனுக்களைப் படிக்கவே கூடாது என்று அவை போட்டிருந்த விதியை ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் போராடி 1844-இல் நீக்க வைத்தார். 1848 பிப்ரவரி 21 அன்று அந்த மேசையிலேயே சரிந்து விழுந்தார். இரண்டு நாள் கழித்து, அதே கட்டடத்தில் சபாநாயகரின் அறையில் உயிர் பிரிந்தது. அதிபர் பதவியைப் பார்த்துவிட்ட ஒருவருக்கு இந்த அவையின் நாற்காலி குறைவாகத் தெரியவில்லை.

இன்னொரு தகடு ஆபிரகாம் லிங்கனுடையது. இல்லினாயிலிருந்து வந்த முதல் தடவை உறுப்பினரான அவருக்கு அப்போது 38 வயது. மெக்சிகோவுடன் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்தப்பட்டது என்று சொல்லித்தான் அதிபர் போல்க் 1846-இல் போர் அறிவிக்க வைத்தார். 1847 டிசம்பரில் லிங்கன் எழுந்து, அந்த ரத்தம் விழுந்த இடம் எது, அது உண்மையிலேயே அமெரிக்க மண்தானா என்று அடுக்கடுக்காகக் கேள்வி போட்டு ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். அவை அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த மாதமே, இந்தப் போரை அதிபர் தேவையில்லாமலும் சாசனத்துக்கு விரோதமாகவும் தொடங்கினார் என்ற வாசகத்துக்கு நூலிழை வித்தியாசத்தில் ஒப்புதல் கொடுத்தது. லிங்கன் அதற்கு ஆதரவாக வாக்களித்தார். ஊரில் அவர் பேர் கெட்டது.

அதே லிங்கன் 1861-இல் அதிபரானார். ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூண்டபோது காங்கிரஸ் கூடியிருக்கவில்லை. அவர் அவையைக் கேட்காமல் படை திரட்டினார். தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டார். கைதானவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு உரிமையைச் சில பகுதிகளில் நிறுத்தி வைத்தார். ஜூலை 4 அன்று காங்கிரஸைக் கூட்டி, செய்தவற்றைச் சொல்லி ஒப்புதல் கேட்டார். நாட்டைக் காப்பாற்றியவர் அவர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவர் நடந்த வழியில் பின்னால் வந்தவர்களும் நடந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் லிங்கன்கள் இல்லை; அவர்கள் காட்டிய நெருக்கடிகள் எல்லாம் உள்நாட்டுப் போர்களும் இல்லை. ஒரே மனிதர் மேசையில் உட்கார்ந்தபோது அதிபரைத் தட்டிக் கேட்டார். அதிபரானபோது காங்கிரஸுக்காகக் காத்திருக்கவில்லை. அதனால்தான் சாசனம் ஆளின் நல்ல குணத்தை நம்பி எழுதப்படவில்லை.

இன்றைய பிரதிநிதிகள் சபையைப் பார்க்கத் தனியாகக் கேலரிச் சீட்டு வாங்க வேண்டும். கைபேசி, கேமரா, பை எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. சபாநாயகர் மேடையின் ஒரு பக்கத்தில், பச்சைச் சலவைக்கல் பீடத்தின் மேல் ஒரு செங்கோல் நிற்கிறது. பதின்மூன்று கருங்காலிக் கழிகளை வெள்ளிப் பட்டையால் சேர்த்துக் கட்டி, உச்சியில் வெள்ளிக் கழுகு வைத்தது, 1841-இல் செய்தது. அவை கூடியிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பல நேரங்களில் தளம் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். ஒருவர் தொலைக்காட்சிக் கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். மணி ஒலித்ததும் காட்சி மாறிவிடும். பக்கத்துக் கட்டடங்களிலிருந்து உறுப்பினர்கள் வந்து குவிகிறார்கள், அட்டையைக் கருவியில் செருகுகிறார்கள், மேலே சுவரில் ஒளிரும் பெயர்களுக்கு எதிரே பச்சையும் சிவப்பும் விழுகின்றன. ஒவ்வொரு பெயரும் ஒரு தொகுதி. 435 தொகுதிகளின் முடிவு சில நிமிடங்களில் கண்முன் எழுந்து நிற்கிறது.

இந்த அறை யாருக்குச் சொந்தம் என்பது 2019 ஜனவரியில் வெளிப்படையாகத் தெரிந்தது. எல்லைச் சுவருக்குப் பணம் கேட்டு அதிபர் டிரம்ப் பிடிவாதம் பிடிக்க, அரசுத் துறைகள் பல 35 நாள் முடங்கின. வழக்கமான ஆண்டு உரையைத் தள்ளி வைக்கும்படி சபாநாயகர் நான்சி பெலோசி அதிபருக்குக் கடிதம் எழுதினார். உலகிலேயே பலம் வாய்ந்த பதவியில் இருப்பவர் அழைப்பில்லாமல் இந்த அறையில் பேச முடியவில்லை. முடக்கம் தீர்ந்த பிறகு, பிப்ரவரி 5 அன்றுதான் உரை நடந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 ஜனவரி 6 அன்று, தேர்தல் முடிவைச் சான்றளிக்கும் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது வன்முறைக் கும்பல் கட்டடத்துக்குள் புகுந்தது. உறுப்பினர்கள் அன்றிரவே திரும்பி வந்தார்கள். விடிவதற்குள், அதிகாலை 3.40 மணியளவில், எண்ணிக்கையை முடித்தார்கள். இந்த அவைக்குத் துணிவு வரும்போது என்ன செய்ய முடியும் என்பதற்கு அந்த இரவு சாட்சி.

கேப்பிட்டலின் கிழக்கே தெருவைக் கடந்தால் உச்ச நீதிமன்றம். 1935 வரை அதற்குச் சொந்தக் கட்டடம் கிடையாது; கேப்பிட்டலுக்குள்ளேயே குடியிருந்தது. பளிங்குப் படிகளில் ஏறுகிற இந்திய வம்சாவளியினர் நினைத்துக்கொள்ள வேண்டிய பெயர் ஒன்று உண்டு: ஜகதீஷ் ராய் சத்தா. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி மாணவர், ஒஹையோவில் படித்தார். 1972-இல் விசா முடிந்தது. போக நாடில்லாத நிலையைப் பார்த்து, குடியேற்ற நீதிபதி அவரை நாடு கடத்துவதை நிறுத்தி வைத்தார். அன்றைய சட்டத்தில், அப்படிப்பட்ட முடிவை ஒரே ஓர் அவை நினைத்தால் ரத்து செய்துவிடலாம். 1975 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை, விவாதமும் இல்லாமல் வாக்குப் பதிவும் இல்லாமல், ஆறு பேரின் விலக்கை ரத்து செய்தது. சத்தா அவர்களில் ஒருவர்.

அவர் வழக்குப் போட்டார். 1983 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒருவரின் வாழ்க்கையை இப்படிக் கையை உயர்த்தி முடித்துவிட முடியாது என்ற அளவில் அது நியாயமான தீர்ப்பு. ஆனால் அதன் விளைவு ஒரு மாணவரோடு நிற்கவில்லை. நிர்வாகத்துக்கு அதிகாரத்தைக் கொடுக்கும்போதெல்லாம், தேவைப்பட்டால் நாங்களே திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று காங்கிரஸ் வைத்திருந்த பிடி, ஏறத்தாழ 200 சட்டங்களில் ஒரே நாளில் செல்லாததாயிற்று. இனி எதைத் திரும்ப எடுப்பதானாலும் முழுச் சட்டமாக நிறைவேற்ற வேண்டும். சட்டம் என்றால் அதிபர் கையெழுத்து வேண்டும். அவர் மறுத்தால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கொடுப்பதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும், வாங்குவதற்கு மூன்றில் இரண்டு பங்கு. அமெரிக்காவில் அதிகாரச் சமநிலை சாய்ந்த கதையின் பாதி இந்தக் கணக்கில் இருக்கிறது.

1976-இன் தேசிய அவசரநிலைச் சட்டம் அதற்கு நல்ல சான்று. அதிபர் அவசரநிலை அறிவித்தால், இரு அவைகளும் சேர்ந்து, அவர் கையெழுத்து இல்லாமலே அதை முடித்துவிடலாம் என்றுதான் முதலில் எழுதினார்கள். சத்தா தீர்ப்புக்குப் பிறகு, 1985-இல் அதை மாற்ற வேண்டியதாயிற்று. அதன் விலை 2019-இல் தெரிந்தது. டிரம்ப் எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் கேட்ட இடத்தில் காங்கிரஸ் 137.5 கோடிதான் கொடுத்தது. பிப்ரவரி 15 அன்று அவர் அவசரநிலை அறிவித்து, வேறு கணக்குகளிலிருந்து பணத்தைத் திருப்பினார். இரு அவைகளும் அதை முடிக்கத் தீர்மானம் போட்டன. செனட்டில் அவர் கட்சியினரே 12 பேர் அதற்கு வாக்களித்தார்கள். மார்ச் 15 அன்று அவர் அதை நிராகரித்தார். அவருடைய முதல் வீட்டோ அதுதான். அதை மீறப் பிரதிநிதிகள் சபையில் 248 வாக்குகள் கிடைத்தன. அது பெரும்பான்மைதான்; ஆனால் போதவில்லை.

இந்தக் கணக்கு எங்கோ வாஷிங்டனில் நடக்கும் சட்ட நுணுக்கம் என்று திருப்பூர் நினைக்க முடியாது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்க இறக்குமதி வரி 50 விழுக்காடாக உயர்ந்தபோது, பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் ஆர்டர்களை எண்ணிக் கலங்கினார்கள். அந்த வரியைக் காங்கிரஸ் போடவில்லை. 1977-இல் காங்கிரஸ் இயற்றிய அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டத்தைக் காட்டி அதிபர் ஆணையால் போட்டது. வரி விதிக்கும் உரிமை முதல் பிரிவிலேயே காங்கிரஸுக்கு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த உரிமைக்காக உச்ச நீதிமன்றத்தின் படிகளில் ஏறியவர்கள் சிறு இறக்குமதி வணிகர்களும் சில மாநில அரசுகளுமே. 2025 நவம்பர் 5 அன்று அவர்கள் வாதம் இங்கே கேட்கப்பட்டது.

ஒரு கட்சியின் குறை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1952-இல் ட்ரூமன் எஃகு ஆலைகளைக் கையகப்படுத்தினார். காங்கிரஸ் தராத அதிகாரம் என்று இதே நீதிமன்றம் தடுத்தது. 2011-இல் லிபியாவில் குண்டு வீசிய ஒபாமா நிர்வாகம், 1973-இன் போர் அதிகாரச் சட்டம் வைத்த 60 நாள் கெடு தாண்டிய பிறகும் இது போர் நடவடிக்கை ஆகாது என்று வாதிட்டது. 2022-இல் பைடன், 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் பேரில் சுமார் 40,000 கோடி டாலர் மாணவர் கடனைத் தள்ளுபடி செய்ய முயன்றபோதும் நீதிமன்றம் குறுக்கிட வேண்டியிருந்தது.

குன்றிலிருந்து மேற்கே இறங்கினால் பென்சில்வேனியா அவென்யூ. புதிய அதிபர்கள் கேப்பிட்டலில் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டு இந்த வழியாகத்தான் தங்கள் வீட்டுக்குப் போவது வழக்கம். 1977-இல் ஜிம்மி கார்ட்டர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனார். பாதி வழியில் தேசிய ஆவணக் காப்பகம். மங்கலான வெளிச்சத்தில், கண்ணாடிக்குக் கீழே, அரசியல் சாசனத்தின் நான்கு தோல் பக்கங்கள். படம் எடுக்க அனுமதியில்லை, குனிந்து பார்த்துக்கொள்ளலாம். முதல் இரண்டு பக்கங்களின் பெரும்பகுதியை காங்கிரஸ்தான் நிறைத்திருக்கிறது. அதிபருக்கான பிரிவு அதில் பாதி நீளம்கூட இல்லை.

செனட்டின் பழைய குறிப்பேடுகளும் இந்தக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. 1834 மார்ச் 28 அன்று, அரசுப் பணத்தைத் தேசிய வங்கியிலிருந்து எடுத்ததற்காக அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனைக் கண்டித்து செனட் தீர்மானம் போட்டது. ஜாக்சன் ஆதரவாளர்கள் பெரும்பான்மை பெற்றதும், 1837 ஜனவரி 16 அன்று குறிப்பேட்டைக் கொண்டு வரச் செய்து, அந்த வாசகத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு இழுத்து, செனட்டின் ஆணைப்படி நீக்கப்பட்டது என்று எழுத வைத்தார்கள். தன் வாக்கைத் தானே அடித்த அந்தப் பக்கம் அப்படியே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. கட்சி வலுத்தால் அவை தன் சொல்லையே எப்படி விழுங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இன்னும் மேற்கே ஃப்ரீடம் பிளாசா. லான்ஃபானின் நகர வரைபடத்தையே தரையில் கல்லால் பதித்திருக்கிறார்கள். அந்தக் கல் வரைபடத்தின் மேல் நின்று கிழக்கே திரும்பினால் கேப்பிட்டல் குவிமாடம் பளிச்சென்று தெரிகிறது. மேற்கே வெள்ளை மாளிகை தெரிவதில்லை. 1836-இல் கட்டத் தொடங்கிய கருவூலக் கட்டடம் நடுவே நிற்கிறது.

காங்கிரஸும் அதிபரும் மோதிய பெரும் சண்டைகள் பலவும் பணத்தைச் சுற்றியே நடந்திருக்கின்றன. காங்கிரஸ் ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து ஒரு டாலரும் எடுக்கக் கூடாது என்பது சாசனத்தின் கட்டளை. ஒதுக்கியதைச் செலவழிக்காமல் அதிபர் பிடித்து வைக்கலாமா? அதிபர் நிக்சன் பிடித்து வைத்தார். தன் வீட்டோவை மீறி 1972-இல் நிறைவேறிய தூய நீர்ச் சட்டத்தின் பணத்திலேயே கை வைத்தார். காங்கிரஸ் 1974 ஜூலையில் அதைத் தடுக்கச் சட்டம் கொண்டு வந்தது. ஒதுக்கீட்டை ரத்து செய்ய விரும்பினால் அதிபர் காங்கிரஸுக்கு எழுத வேண்டும். 45 நாளுக்குள் ஒப்புதல் வராவிட்டால் பணத்தை விட்டுவிட வேண்டும். 2025 ஆகஸ்ட் இறுதியில் டிரம்ப் நிர்வாகம் 490 கோடி டாலர் வெளிநாட்டு உதவியை ரத்து செய்யக் கோரியபோது, நிதியாண்டு முடிய 45 நாள்கூட மிச்சமில்லை. காங்கிரஸ் ஒன்றும் செய்யாமலே பணம் காலாவதியாகும் கணக்கு அது. அதில் 400 கோடி டாலரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க உச்ச நீதிமன்றமும் செப்டம்பரில் அனுமதித்தது. காங்கிரஸ் இயற்றி அதிபர் கையெழுத்திட்ட சட்டத்தின் பணத்துக்கே இந்தக் கதி என்றால், அவையின் வாக்குக்கு என்ன மதிப்பு என்று கேட்காமல் இருக்க முடியாது.

கருவூலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் வெள்ளை மாளிகை. உள்ளே சுற்றிப் பார்க்க விரும்பும் அமெரிக்கக் குடிமகன் விண்ணப்பிக்க வேண்டியது தன் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தில். இந்த வீட்டின் செங்கல்லிலும் அவையின் பங்கு உண்டு. ட்ரூமன் காலத்தில் மாடித் தரை இறங்கத் தொடங்கியபோது, அவர் குடும்பத்தோடு எதிர்ப்பக்கத்து பிளேர் ஹவுஸுக்குக் குடிபெயர்ந்தார். காங்கிரஸ் 54 லட்சம் டாலர் ஒதுக்கியது. செனட் உறுப்பினர் இருவர், பிரதிநிதிகள் இருவர், அதிபர் நியமித்த இருவர் என்று ஆறு பேர் குழு மேற்பார்த்தது. 1952-இல் வீடு திரும்ப எழுந்தது. 2025 அக்டோபரில், 1942-இல் கட்டப்பட்ட கிழக்குப் பகுதி முழுவதும் இடிக்கப்பட்டது. அங்கே எழும் விருந்து மண்டபத்துக்குத் தனியார் நன்கொடையில் பணம் என்று நிர்வாகம் அறிவித்தது. காங்கிரஸ் அதற்கு வாக்களிக்கவில்லை.

அங்கிருந்து தென்மேற்கே வியட்நாம் நினைவுச் சுவர். கறுப்புக் கல்லில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். அந்தப் போரைத் தொடங்கக் காங்கிரஸ் கைநாட்டு வைத்தது உண்மை. அதை நிறுத்தியதிலும் காங்கிரஸுக்குப் பங்கு இருந்தது. 1973-இல் கம்போடியா மீது குண்டு வீசப் பணம் தர மாட்டோம் என்று சட்டம் போட்டார்கள். ஆகஸ்ட் 15 அன்று குண்டுவீச்சு நின்றது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று நிக்சனின் வீட்டோவை மீறிப் போர் அதிகாரச் சட்டத்தை நிறைவேற்றினார்கள்: படை அனுப்பிய 48 மணி நேரத்துக்குள் தகவல், 60 நாளுக்குள் ஒப்புதல். அன்று அதிபரின் கட்சிக்காரர்களே அவரை எதிர்த்து வாக்களித்தார்கள்.

அதிபர்கள் கொள்ளையடித்துக்கொண்டு போனார்கள் என்று மட்டும் இந்தக் கதையைச் சொன்னால் பொய்யாகிவிடும். காங்கிரஸ் கொடுத்தது, கடினமான வாக்கைத் தவிர்க்க நினைத்துக் கொடுத்தது, தன் கட்சிக்காரர் வெள்ளை மாளிகையில் இருக்கும்போது தாராளமாகக் கொடுத்தது. சாசனத்தை வடிவமைத்தவர்களில் முதன்மையான ஜேம்ஸ் மேடிசன், ஒவ்வோர் உறுப்பினரும் தன் அவையின் உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று நம்பியே அந்த ஏற்பாட்டைச் செய்தார். அவைப் பற்றைக் கட்சிப் பற்று வென்றுவிடும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. இன்று சமநிலை சாய்ந்திருப்பது அங்கேதான். நீதிமன்றம் சில நேரம் தாங்கிப் பிடிக்கலாம். சரி செய்ய வேண்டியவர்கள் குன்றின் மேல் இருக்கும் 535 பேரும், அவர்களைத் தேர்ந்தெடுக்கிறவர்களும்.

வாஷிங்டன் போகும் தமிழ் வாசகர்கள் வெள்ளை மாளிகை வேலியோடு திரும்பிவிட வேண்டாம். பார்வையாளர் மையத்தின் மேல்தளத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் வெளிநாட்டவருக்கும் கேலரிச் சீட்டு கிடைக்கும். அவை கூடும் நாளாகப் பார்த்துப் போங்கள்; வாக்கெடுப்பு மணி ஒலிக்கும் வரை உட்கார்ந்திருங்கள்.